கையில் கொஞ்சம் காசு, எதிரே பெரிய பட்டணம்



நம்முடைய பகுதியில் வேலை செய்கிற அநேக குடும்பங்களில் மாசா மாசம் எழும்புகிற ஒரு கேள்வியை இந்த இதழில் சிந்திக்கப் போகிறோம். "பிள்ளைகளை ஒரு நாள் பெங்களூர் கூட்டிட்டுப் போகணும்னு ஆசையா இருக்கு பிரதர். ஆனா சீட்டுப் பணம், ஸ்கூல் பீஸ், வாடகை எல்லாம் போக கையில கொஞ்சந்தான் நிக்குது. இந்த நிலைமையில ஊர் சுத்திப் பார்க்கிறது சரிதானா? மனசாட்சி குத்துது." இது சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்குள்ளே பணம், சந்தோஷம், நியாயம் மூன்றும் பின்னிக் கிடக்கிறது.

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90. சிப்காட்டிலும், பேகேபள்ளியிலும், ஜூஜுவாடியிலும், சூளகிரியிலும், பர்கூரிலும் குடியிருக்கிற நமக்கு மாநில எல்லை ஒரு பஸ் ஸ்டாப் தூரம்போல. நம்மில் எத்தனையோ பேர் தினந்தோறும் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவுக்கும், எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குப் போய் வருகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்து வருஷமாக ஒரு கண்ணாடிக் கட்டடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்கிற சகோதரி, அதே பட்டணத்தில் இருக்கிற கப்பன் பார்க்கை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார். செக்யூரிட்டி உடுப்பில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற சகோதரருக்கு அந்த ஊர் என்றால் ஒரு கேட், ஒரு நாற்காலி, ஒரு நோட்டுப் புஸ்தகம், அவ்வளவுதான். ஊரைச் சுமக்கிறவர்கள் ஊரைப் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள்.

இதற்கு இரண்டு விதமான பதில் நம் நடுவே உலாவுகிறது. ஒன்று, "அதெல்லாம் உலகம். ஏழைக்கு எதற்கு உல்லாசம்? அந்தக் காசைக் கடனுக்குக் கட்டு" என்பது. மற்றொன்று, "இருக்கிறது ஒரு வாழ்க்கை. கடன் வாங்கியாவது அனுபவி" என்பது. இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது. அதை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

1. சந்தோஷத்துக்கென்று செலவு செய்யலாமா?

வேதத்தில் உபாகமம் 14-ம் அதிகாரத்தை வாசிக்கிற பலர் தசமபாகம் என்ற வார்த்தையோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே ஒரு ஆச்சரியமான ஒழுங்கு இருக்கிறது. ஆண்டவர் தெரிந்துகொண்ட ஸ்தலம் வெகுதூரமாயிருந்தால், விளைச்சலைப் பணமாக மாற்றி, கையிலே முடிந்துகொண்டு போய், அங்கே தன் மனதுக்குப் பிரியமானதை வாங்கி, வீட்டாரோடு சேர்ந்து சாப்பிட்டு மகிழச் சொல்லுகிறது. கூடவே தன் வாசலில் இருக்கிற லேவியனைக் கைவிடக்கூடாது என்றும் சொல்லுகிறது.

அது ஆராதனைக்கான பிரயாணம். நாம் போகிறது ஒரு நாள் சுற்றுலா. இரண்டும் ஒன்றல்ல, அதை மறுக்கவில்லை. ஆனாலும் அதில் மூன்று காரியங்கள் தெளிவு. பணம் முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டது, கடன் வாங்கினதல்ல. வீட்டார் எல்லாரும் சேர்ந்து மகிழ்ந்தார்கள். தகப்பன் மட்டும் போய் வரவில்லை. இல்லாதவனுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆக, குடும்பமாய்ச் சந்தோஷப்படுவதற்கென்று கொஞ்சம் பணத்தை ஒதுக்குவது வீண் செலவு அல்ல. எதிலிருந்து எடுக்கிறோம், யாரோடு செலவழிக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஷிப்ட், ஓ.டி., தூக்கம், மறுபடியும் ஷிப்ட் என்று வருஷம் முழுதும் ஓடுகிற தகப்பனைப் பிள்ளைகள் அசந்து தூங்குகிற முகமாகத்தான் அறிந்திருக்கிறார்கள். அப்பா தங்களோடு ஒரு முழு நாள் நடந்தார், கேள்விக்குப் பதில் சொன்னார், மரத்தடியில் உட்கார்ந்து சிரித்தார் என்கிற ஞாபகத்தை எந்த மாதத் தவணையிலும் வாங்க முடியாது. அதற்குச் செலவாகிற பஸ் டிக்கெட்டைக் கணக்குப் பார்க்கிற நாம், அது இல்லாமல் போனால் ஏற்படுகிற நஷ்டத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை.

2. இந்தப் பட்டணம் யாருடையது?

கெம்பேகௌடா 1537-ல் கட்டின ஊர் என்று சொல்லுகிறோம். ஆனால் ஒரு பட்டணத்தை ஒருவர் மட்டும் கட்டுவதில்லை. 1809-க்குப் பிறகு கன்டோன்மென்ட் வளர்ந்தபோது ராணுவத்தோடு வந்து குடியேறினவர்களில் தமிழர் ஏராளம். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றைக்கும் அந்தச் சந்ததியார் இருக்கிறார்கள். இப்போதும் கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் வந்து இறங்குகிற பூவில் நம்முடைய ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்துப் பூவும் உண்டு. காய்கறியும் அப்படித்தான். வேலைக்குப் போகிற கைகளும் அப்படித்தான்.

எல்லைப் பிரச்சினையும் நமக்குத் தெரியும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையால் நடந்த கலவரத்தைப் பெரியவர்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தபோது, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எல்லையை நடந்து கடந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகும், அதே கன்னடக்கார கடைக்காரரும் அதே தமிழ்ப் பூக்காரியும் மறுபடியும் ஒருவருக்கொருவர் சில்லறை மாற்றிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் அந்த ஊருக்குள் திருட்டுத்தனமாய் நுழைகிறவர்கள் அல்ல. அந்த ஊருக்குச் சொந்தக்காரர் என்று மார்தட்டவும் வேண்டாம். உழைப்பில் பங்குள்ளவன் நிழலிலும் பங்குள்ளவன். இதுதான் நியாயம்.

ஆனால் காசு குறைந்தவனைப் பட்டணம் சில நேரம் வாசலிலேயே நிறுத்துகிறது. 2024 பிப்ரவரியில் ராஜாஜிநகர் மெட்ரோ ஸ்டேஷனில், டிக்கெட் வைத்திருந்த ஒரு விவசாயியை உடுப்பைப் பார்த்து உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். அங்கிருந்தவர்கள் தட்டிக் கேட்டார்கள். பிறகு அந்த மேற்பார்வையாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதே வருஷம் ஜூலையில், மகனோடு சினிமா பார்க்க வந்த முதியவரை வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக ஒரு மாலில் தடுத்தார்கள். கர்நாடக அரசாங்கம் அந்த மாலை ஏழு நாள் மூடச் சொன்னது. இரண்டு காரியத்திலும் கவனியுங்கள்: வெட்கப்பட வேண்டியது தடுத்தவர், தடுக்கப்பட்டவர் அல்ல. வேட்டியோ, துவைத்துத் துவைத்து வெளுத்த சேலையோ, செருப்போ நம் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். தலைநிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்கு இன்னொருவனை வாசலில் நிறுத்தாது.

3. காசு அதிகம் கேட்காத நன்மைகள்

ஒரு ஊரில் இரண்டு விதமான இன்பம் உண்டு. ஒன்று, ஒருவன் வாங்கினால் மற்றவனுக்குக் குறைகிறது. மற்றொன்று, ஆயிரம் பேர் அனுபவித்தாலும் குறையாது. கையில் கொஞ்சம் காசுள்ளவன் இரண்டாவதைத் தேடிப் போகிறது புத்தி.

லால்பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த ராஜாவின் தோட்டம் அது. இன்றைக்கு 240 ஏக்கர். அன்று ராஜா உலாவின இடத்தில் இன்று சிறிய கட்டணம் கொடுத்து, ஒரு லேத் ஆபரேட்டரின் பிள்ளை ஓடி விளையாடுகிறது. 1889-ல் அடிக்கல் நாட்டின கண்ணாடி மாளிகை அங்கே இருக்கிறது. உள்ளே ஒரு பெரிய பாறை இருக்கிறது. மேலே கெம்பேகௌடாவின் சிறு கோபுரம். பூமியை ஆராய்கிறவர்கள் அந்தப் பாறைக்குச் சுமார் 300 கோடி வருஷம் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்து காற்று வாங்குகிறதற்குத் தனி டிக்கெட் இல்லை.

கப்பன் பார்க் 1870-ல் உண்டானது. அதற்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. உள்ளே சிவப்பு நிறத்தில் இருக்கிற நூலகக் கட்டடம், 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாயிருந்த சேஷாத்ரி ஐயரின் நினைவாகக் கட்டப்பட்டது. பக்கத்தில் விஸ்வேஸ்வரய்யா பெயரில் தொழில்நுட்ப மியூசியம் இருக்கிறது. டிக்கெட் உண்டு. ஆனால் பிட்டராகவோ டர்னராகவோ இருக்கிற தகப்பன் அங்கே இஞ்சினையும் பல்சக்கரத்தையும் காட்டி, "இதைத்தான்டா தம்பி அப்பா தினமும் செய்யறேன்" என்று சொல்லுகிற நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள்! அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் அழுக்குப் படிந்த யூனிபார்ம் வேறு மாதிரி தெரியும்.

தெருவோரத்து மரங்களையும் விட்டுவிடாதீர்கள். 1908 முதல் 1932 வரை லால்பாக்கைக் கவனித்த க்ரும்பீகல் என்ற ஜெர்மானியர், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கும்படி யோசித்து மரம் நடச் செய்தார் என்று சொல்லுவார்கள். 1956-ல் பெங்களூரிலேயே காலமாகி, ஓசூர் ரோட்டிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயிருக்கிறார். நாம் பஸ்ஸில் கடந்து போகிற அதே ரோடுதான். தான் பார்க்கப் போகாத ஜனங்களுக்காக ஒருவர் மரம் நட்டார். ஆகவே "இலவசம்" என்று நாம் சொல்லுகிற ஒவ்வொன்றுக்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். லால்பாக்கையும் கப்பன் பார்க்கையும் துண்டு போட்டு எடுத்துக்கொள்ளாதபடி 1975-ல் கர்நாடகாவில் சட்டமே போட வேண்டியிருந்தது.

சாப்பாட்டுக்கும் வழி உண்டு. நின்றபடி சாப்பிடுகிற தர்ஷினி ஓட்டல்கள் அந்த ஊருக்கே உரிய நன்மை. அங்கே "பை டூ காபி" என்று கேட்டால், ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றித் தருவார்கள். யாரும் உங்களைக் கேவலமாய்ப் பார்க்க மாட்டார்கள். பணக்காரரும் அப்படித்தான் கேட்கிறார். பகிர்ந்து குடிப்பதை வெட்கமில்லாத வழக்கமாக்கி வைத்திருக்கிற ஊர் அது.

போக்குவரத்தில் மாத்திரம் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து நம்முடைய சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 ஜூனில் கர்நாடகாவிலும் பெண்களுக்கு இலவசம் வந்தது. ஆனால் அது அந்த மாநிலத்தில் குடியிருக்கிற பெண்களுக்கு. நம் சகோதரிகளுக்கு எல்லை தாண்டினதும் டிக்கெட் உண்டு. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. அங்கே வண்டி மாறி லால்பாக் வாசலுக்கே போகலாம். ஆனால் அதே வருஷம் பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் நன்றாய் ஏறிவிட்டது. நாலு பேர் போக வரக் கூட்டிப் பார்த்தால் பஸ்ஸே லாபமாயிருக்கலாம். ஒரு வழி மெட்ரோ, ஒரு வழி பஸ் என்றால் பிள்ளைகளுக்கும் ஆசை தீரும், பர்ஸும் தாங்கும்.

4. பார்ப்பதும் இச்சிப்பதும்

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பெரிய கடைகளின் கண்ணாடிக்கு முன் நின்று, வாங்க முடியாததை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே நடப்பதும் காசில்லாத பொழுதுபோக்குத்தான். ஆனால் அது மரத்தைப் பார்ப்பது போலவா? இல்லை. மரம் உங்களிடம் "நீ இன்னும் என்னை வாங்கவில்லையே" என்று சொல்லுகிறதில்லை. அந்தக் கண்ணாடி சொல்லுகிறது. அதற்காகவே அங்கே விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதை அறிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். இரவு வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது உள்ளம் என்ன சொல்லுகிறது? "நல்ல நாள். நம்ம வீடு, நம்ம பாய், அப்பாடா!" என்றால், நீங்கள் பட்டணத்தை அனுபவித்தீர்கள். "சே, இது ஒரு வீடா!" என்றால், பட்டணம் உங்களை அனுபவித்துவிட்டது. இரண்டுக்கும் செலவு ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று நன்றியோடு திரும்புகிறது, மற்றொன்று தவணைத் திட்டத்தைத் தேடிப் போகிறது. மால் பக்கமே போகக்கூடாது என்று சட்டம் போடவில்லை. எதற்குப் போகிறோம் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

5. மலிவு யார் தலையில் விழுகிறது?

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வி. "கொஞ்சக் காசில முடிச்சுட்டோம்" என்று பெருமையாய்ச் சொல்லுகிறோமே, அந்த மிச்சத்தை யார் கொடுத்தது?

எட்டு வயதுப் பிள்ளையை நாலு வயது என்று கண்டக்டரிடம் சொல்லி மிச்சம் பிடித்தால், அதைப் பிள்ளையின் உண்மை கொடுத்தது. சில ரூபாய்க்காக அப்பா பொய் சொல்லுவார் என்று அது அன்றைக்குக் கற்றுக்கொள்ளும். மார்க்கெட் தரையில் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் சாயங்காலம் வாடுகிற பூவை அடிமாட்டு விலைக்குக் கேட்டு வாங்கினால், அந்த மிச்சத்தை அவளுடைய வீட்டு அடுப்பு கொடுத்தது. ஓட்டலில் விலை எழுதின போர்டைப் பார்த்து மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். தரையில் இருப்பவளிடம் மாத்திரம் பேரம் பேசுகிறோம். ஏன்? பலமில்லாதவளிடம் பேசுவது சுலபம் என்பதால்தானே? சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக்கையும் புல்வெளியில் போட்டுவிட்டு வந்தால், அதை நம்மைப்போலவே கான்ட்ராக்டில் வேலை செய்கிற ஒருவர் குனிந்து பொறுக்குகிறார்.

இன்னும் ஒரு காரியம். சகோதரர்களே, கோபப்படாமல் கேளுங்கள். வெளியே சாப்பிட்டால் செலவு என்று கட்டுச்சோறு கொண்டுபோகிறோம். நல்லதுதான். ஆனால் அதற்காக மூன்று மணிக்கு எழும்பினது யார்? புளி கரைத்து, சாதம் வடித்து, தயிர்சாதம் பிசைந்து, தண்ணீர்க் குப்பி நிரப்பி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது யார்? திரும்பி வந்து பாத்திரம் கழுவினது யார்? பார்க்கில் எல்லாரும் புல்லில் சாய்ந்திருக்கும்போது இலை போட்டுப் பரிமாறினது யார்? ஒரு சகோதரி சிரித்துக்கொண்டே இப்படிச் சொன்னார்: "அவங்களுக்கு டூர், எனக்கு ஓ.டி.ங்க." சிரிப்பாய்ச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. வீட்டுக்காரம்மாவின் தூக்கத்தை விற்று வாங்கின சந்தோஷம் மலிவானதல்ல. விலைச்சீட்டு வேறு இடத்தில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகையால் முந்தின இரவே எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள். பையை அப்பா சுமக்கட்டும். பாத்திரத்தைப் பிள்ளைகள் கழுவட்டும். அல்லது காலை டிபனையாவது தர்ஷினியில் முடித்துக்கொள்ளுங்கள். செலவு கொஞ்சம் ஏறினாலும் அது நியாயமான செலவு.

6. ஏழைக்குச் சொல்லுகிற வெறும் சமாதானமா?

சிலர் கேட்பார்கள்: "சம்பளம் குறைவாக் கொடுத்துட்டு, போய் மரத்தைப் பார்த்துத் திருப்திப்படுன்னு சொல்றீங்களா?" நல்ல கேள்வி. அப்படிச் சொன்னால் அது பாவம். உழைப்புக்கேற்ற கூலி கேட்பது நியாயம். அந்த நியாயத்துக்குப் பதிலாகப் பூங்காவைக் காட்டக்கூடாது. பணக்காரன் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு நிம்மதியில்லாமல் இருக்கிறான், நாம்தான் பாக்கியவான் என்று சொல்லித் தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். வறுமை வறுமைதான்.

ஆனால் கூலி உயருகிற வரைக்கும் சந்தோஷத்தைத் தள்ளிப்போடு என்று சொல்லுவதும் அநியாயம். பிள்ளைக்கு ஏழு வயது ஒரே தரந்தான் வருகிறது. மேலும், பொதுவான இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பழகினவன்தான், "எங்க ஊருக்கும் இப்படி ஒரு இடம் வேண்டும்" என்று கேட்பான். ஓசூர் 2019-ல் மாநகராட்சியானது. நம் ஏரிகளும், பூங்காக்களும், நூலகங்களும் நல்லபடி இருக்கின்றனவா என்று கவுன்சிலரிடம் கேட்க நமக்குப் பாத்தியம் உண்டு. மகிழத் தெரியாதவனுக்குக் கேட்கவும் தெரியாது.

பிரியமானவர்களே, காரியத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவோம். ஆராதனையை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. வார ஓய்வு வேறு நாளில் வருகிறவர்கள் அந்த நாளில் போகலாம், கூட்டமும் குறைவு. குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். பார்க்க அழகு, ஆனால் நெரிசலும் டிக்கெட்டும் அதிகம். மாதம் ஐம்பதோ நூறோ தனியாய் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அது நிறைகிற வரை காத்திருப்பதும் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம். ஒரு நாளைக்கு ஒரு இடம், மிஞ்சினால் இரண்டு. ஐந்து இடத்தை ஓடி ஓடிப் பார்த்தால், வீடு திரும்பும்போது சண்டைதான் மிஞ்சும்.

கடைசியாக ஒரு காரியம். உபாகமத்தில் வாசலில் இருக்கிற லேவியனைப் பற்றிப் படித்தோம். அதே அதிகாரம் பரதேசியையும், திக்கற்ற பிள்ளையையும், விதவையையும் சொல்லுகிறது. இன்றைக்கு நம் சிப்காட் லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள் ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேராய்த் தங்கியிருக்கிறார்கள். லீவு நாளில் பாஷை தெரியாமல், போக இடமில்லாமல், போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது அவர்களில் ஒருவனைக் கூப்பிடுங்கள். "வாப்பா தம்பி, லால்பாக் போறோம்" என்றால் போதும். பாஷை தானாய் வரும். அவனுக்கு ஒரு டிக்கெட்டும் ஒரு பொட்டலச் சோறும்தான் செலவு. சபையில் புருஷனை இழந்த சகோதரியின் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.

நம் காசு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் இன்னொருவனுக்கும் இடமிருந்தால், அந்த நாள் வீணாய்ப் போன நாள் அல்ல. கர்த்தர் தாமே உங்கள் உழைப்பையும் ஓய்வையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.